சிவப்பு மையில் முப்பதாம் நாள்

சென்ற மாதம் ரிஸ்வானா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கற்பிட்டியில் என் பகுதியைப் பொறுப்பேற்றிருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் அவள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் எங்களுக்கு இந்த நீண்ட பதவிப் பெயர் காகிதத்தில் மட்டும்தான். ஊருக்கு நாங்கள் ‘மிஸ்’.

“மிஸ், உங்கட பழைய பதிவேடெல்லாம் இப்ப கம்பியூட்டர் டெப்புக்கு ஏத்துறோம். ஒரு சந்தேகம்.”

“கேளுங்க மகள்.”

“மாசம் நிறையாமப் பிறந்த புள்ளையள்ட பக்கத்தில எல்லாம் மேல சிவப்புப் பேனையால ஒரு திகதி எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டிருக்கீங்க. தடுப்பூசி நாளுமில்ல, கிளினிக் நாளுமில்ல. டெப்ல அதுக்குக் கட்டமும் இல்ல. விட்டுடவா?”

“விடாதீங்க!”

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த அறையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். ரிஸ்வானா, “என்ன மிஸ், கோவமா?” என்றாள்.

கோபமில்லை. அது பிறந்த நாளிலிருந்து எண்ணினால் வரும் முப்பதாம் நாள். அந்த நாளுக்குள் அந்தப் பிள்ளையின் விழித்திரையைக் கண் வைத்தியர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும், “சரி மிஸ், புள்ளையள்ட விபரத்தோட எழுதி வைக்கிறன்” என்றாள். அவளுக்கு அது போதும். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகும் நான் விரலை மடக்கி முப்பது வரை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு வருடமாகியும் அந்த எண்ணிக்கையைச் சொல்லும்போதெல்லாம் இப்படித்தான். அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடுதிச் சாப்பாடு, பிரசவ அறையில் பார்த்த இரவுகள், மயங்கி விழாமல் நிற்கப் பழகியது. நியமனம் சொந்த ஊரிலேயே கிடைத்தது. வேலையை உண்மையில் எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் மேற்பார்வையாளரான குசும் சிஸ்டர். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண். கடற்கரை மீனவர்களிடம் கற்ற தமிழ் பேசுவார். அதில் கடைசி வார்த்தை பெரும்பாலும் சிங்களத்து ‘ஹரி’, அதாவது ‘சரி’, என்றிருக்கும். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடை, எந்த வெயிலிலும் கசங்காத முகம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பிள்ளையின் காட்டைக் கேட்பேன். பிறந்த நாளிலிருந்து எடை, தடுப்பூசி, வளர்ச்சி எல்லாம் எழுதப்படும் அந்தக் கொப்பியை எங்கள் ஊரில் காட் என்றுதான் சொல்வார்கள். சிஸ்டர் ஒருநாள் என் கையிலிருந்த காட்டை வாங்கி மூடினார்.

“முதல்ல புள்ளையப் பாரு. பிறகு காட். காட் எழுதினது மனுசர். புள்ள பொய் சொல்லாது. ஹரி?”

கண்ணைச் சோதிக்க அவர் பையில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் பந்து இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில். தாயை யன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பார். வெளிச்சம் பந்தின் மேல் விழ வேண்டும், பிள்ளையின் கண்ணில் அல்ல. பிறகு தன் வளையல்களைக் கழற்றிப் பையில் போடுவார். என்னுடையதையும் கழற்றச் சொல்வார். தாயிடம் பேசாமலிருக்கச் சொல்வார். பந்தைப் பிள்ளையின் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் பக்கவாட்டில் நகர்த்துவார். பிறகு உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்து இன்னொருமுறை, அடுத்த கண்ணை மறைத்து இன்னொருமுறை. ஒரு கண்ணை மறைக்கும்போது பேசாமலிருந்த பிள்ளை, மற்றக் கண்ணை மறைத்ததும் கையைத் தட்டிவிட்டு அழுதால், மறைக்கப்பட்டதுதான் பார்க்கிற கண், மற்றதில் கோளாறு.

“கிலுகிலுப்பை ஆட்டினா என்ன சிஸ்டர்? புள்ள சுகமாத் திரும்புமே?” என்று கேட்டேன், புதிதில்.

“சத்தம் போட்டா செவி பாக்கும். கண் பாக்குதான்னு எப்படித் தெரியும்?”

உச்சமுனைக்கு இருவரும் படகில் போன ஒரு நாளில் அந்தப் பந்தின் பெறுமதி தெரிந்தது. பிலோமினா என்ற தாயின் நான்கு மாத ஆண் குழந்தை. அதன் வலது கண்ணின் நடுவில் பால் துளி போல ஒரு வெண்மை.

“இந்தக் கண்ணு பூனக் கண்ணு மாதிரி மினுங்கும் மிஸ்” என்றாள் பிலோமினா பெருமையாக.

வலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தகப்பன் வாசலிலிருந்து சிரித்தான். “இருட்டில மீன் தெரியும் இவனுக்கு. நான் டோர்ச் வாங்கத் தேவையில்ல.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. பந்தை நகர்த்தினார். இடது கண்ணை மறைத்ததும் பிள்ளை வீறிட்டது. அவர் தகப்பனைப் பார்த்து, “படகு எப்ப திரும்பும்?” என்று மட்டும் கேட்டார். அதே படகில் பிள்ளையும் தாயும் எங்களோடு வந்தார்கள். பிறவிக் கண்புரை. சத்திரசிகிச்சை செய்து, கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து அந்தக் கண்ணைப் பழக்கினார்கள். அவன் இப்போது வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்க ஏற்றிப்போகும் படகோட்டி. என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையாட்டுவான். அந்த ‘தூரத்திலிருந்தே’ என்பதில் எனக்கொரு சந்தோசம்.

நான் வேலை செய்த காலத்திலேயே நிறைய மாறியது. சத்துக் குறைவாலும் சின்னமுத்து அம்மையாலும் கண் போன பிள்ளைகளைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தடுப்பூசியும் விற்றமின் துளியும் வந்த பிறகு அப்படியொரு பிள்ளையை நான் காணவேயில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீரால் அரை மணித்தியாலம் கழுவியிருக்கிறேன். ஆனால் ஒன்று புதிதாக வந்தது. முன்பெல்லாம் ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைப்பது அபூர்வம். பிறகு பிழைக்கத் தொடங்கின. கண்ணாடிப் பெட்டியில் ஒக்சிஜனோடு கிடந்து பிழைத்த பிள்ளைகளுக்கென்றே ஒரு கண் வியாதி இருந்தது. அதைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுக் குறிப்பும் எடுத்திருந்தேன். குறிப்பு எடுப்பது வேறு.

எனக்குத் திருமணமாகிப் பதினோரு வருடம் பிள்ளையில்லை. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் நிறுத்து, அளந்து, எழுதி, வீட்டுக்கு வந்து வெறும் கையோடு உட்காருவேன். நாற்பதாவது வயதில் கரு தங்கியது. ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக எடுத்தார்கள். ஆயிரத்து முந்நூறு கிராம். ஹனா என்று பெயர் வைத்தோம். இரண்டு வாரத்துக்கு மேல் ஒக்சிஜன். இருபத்தைந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். துண்டுச் சீட்டில் திகதி தெளிவாக இருந்தது: அடுத்து வரும் வியாழக்கிழமை கண் கிளினிக்.

நான் போகவில்லை.

யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. மாமி, அதாவது என் கணவரின் உம்மா, கனமூலையிலிருந்து வந்து தங்கியிருந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் நாற்பது நாள் வெளியே போவதில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை மாமி கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாற்பது என்றார். ஆனால் நான் பிடிவாதமாகக் கேட்டிருந்தால் விட்டிருப்பார். நான் கேட்கவில்லை. ஏனென்றால் நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன், அதுவும் என் தொழிலில் கற்ற கணக்கு.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை சிரிக்கவில்லை, கழுத்து நிற்கவில்லை என்று தாய்மார் பயந்து கேட்பார்கள். நாங்கள் சொல்வது ஒன்றே: “பிறந்த நாளிலிருந்து எண்ணாதீங்க. பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்க.” அது சரியான பதில்தான். எத்தனையோ வீட்டில் சொல்லிச் சொல்லி அது என் எலும்பில் ஊறியிருந்தது. கண்ணையும் நான் அப்படியே எண்ணினேன். இன்னும் பிறந்திருக்கவே கூடாத பிள்ளைக்கு இப்போது கண்ணில் என்ன பார்க்க இருக்கிறது? நாற்பதும் முடியட்டும், நாளும் நிறையட்டும்.

அந்த வியாழன் காலையில் என் கணவர் நஸார் உப்பு லொறியை எடுக்குமுன் கேட்டார். “இண்டைக்குத்தானே கண் கிளினிக்? போகோணுமா?”

“அவசரமில்ல. பிறகு போவம்.”

“சரி. நீதானே மிஸ். உனக்குத் தெரியாததா?”

மாமி நாற்பதை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணினார். நான் கண்ணைப் பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினேன். பிறந்த நாளிலிருந்து எண்ண அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரு மிஸ் போவாள். மிஸ்ஸின் வீட்டுக்கு யார் வருவார்? ஹனாவின் காட்டை நானே நிரப்பினேன். ஒரு மாதக் கட்டத்தில் ‘வெளிச்சத்தைப் பார்க்கிறதா’ என்ற கேள்விக்கு எதிரே சரி போட்டேன். மாமி யன்னல்களைச் சாத்தி வைத்திருந்த அந்த அறையில், பிள்ளை எந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கும்? சோதித்துவிட்டுப் போட்ட சரியல்ல, ஆசையில் போட்டது.

பிள்ளை பிறந்து நாற்பத்தோராம் நாள் முற்பகல் குசும் சிஸ்டர் வந்தார். விடுமுறையிலிருப்பவளைப் பார்க்க வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஒரு பை தோடம்பழத்தைக் கதிரையில் வைத்தார். கையை முழங்கை வரை கழுவினார். யன்னலைத் திறந்தார், மாமி வாய் திறக்க, “காத்து வரட்டும் உம்மா, உங்கட பேத்திக்கும் எனக்கும்” என்றார். முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார். தோல், தொப்புள், மூச்சு, கண். நான் சிஸ்டரின் வேலைப் பையைப் பார்த்தேன். பந்து வெளியே வரவில்லை.

“பந்து காட்டல்லயா சிஸ்டர்?” என்று சிரித்தபடி கேட்டேன்.

“பந்து இதுக்குச் சொல்லாது. காட்டக் குடு.”

ஒரு மாதப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இந்தச் சரி யார் போட்டது?”

“நான்.”

“எப்ப பாத்த?”

நான் ஹனாவின் துணியை இழுத்து மூடினேன்.

“கண் கிளினிக் போனதா?”

“இன்னும் இல்ல சிஸ்டர். நாள் நிறையல்லதானே? நாப்பதும் முடியல்ல...”

சிஸ்டர் சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டிருந்தால் நான் அழுது தப்பியிருப்பேன். என் வலது கையைப் பிடித்து விரித்தார்.

“பிறந்த நாள் சொல்லு. எண்ணு.”

விரலை மடக்கி மடக்கி எண்ணினேன், முதலாம் வகுப்புப் பிள்ளை போல. நாற்பத்தொன்றில் நின்றேன்.

“ஒக்சிஜன் எத்தன நாள்?”

“பதினாறு.”

“சிரிக்கிறது, உக்காருறது எல்லாம் நீ சொல்றமாதிரி எண்ணு. ஹரி. இந்த வியாதி அப்படி எண்ணாது. அது பிறந்த நாளே தொடங்கிட்டு. ஒரு மாசத்தில பாக்கணும். கண்டா ரெண்டு மூணு நாளில மருந்து. விட்டா பிறகு பெரிய டொக்டர் வந்தாலும் ஒண்டும் செய்ய ஏலாது.” அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். என் சரியின் மேல் ஒரே கோடு. பக்கத்தில் அன்றைய திகதி. “வேன் கூப்பிடு.”

“நாப்பது...” என்றார் மாமி.

“உம்மா, நாப்பதுக்குப் பிறகு இந்தப் புள்ள உங்கட முகத்தப் பாக்கணுமா, சத்தத்த மட்டும் கேக்கணுமா?”

மாமி என்னைப் பார்த்தார். பிறகு தன் கறுப்புச் சால்வையை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினார். “நானும் வாறன்” என்றார்.

பக்கத்துக் கிளினிக்குக்குக் கண் வைத்தியர் அடுத்த வியாழன்தான் வருவார். சிஸ்டர் தொலைபேசியில் பேசி, நேராகக் கொழும்புக்குப் போகச் சொன்னார். லொறியோடு குருநாகலில் நின்ற நஸார் லொறியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். வேனில் சிலாபம் தாண்டும்வரை நான் பிள்ளையின் கண்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுகறுவென்று, மிக அழகாக இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் அந்த வியாதி.

கொழும்பில், கண்மணி விரிய மருந்துத் துளி விட்டார்கள். சில நிமிடம் விட்டு மறுபடி, பிறகும் ஒருமுறை. பிள்ளையைத் துணியால் இறுகச் சுற்றினார்கள். தாதி ஒருத்தி தலையைப் பிடித்துக்கொள்ள, இமைகளை விலக்கிப் பிடிக்கச் சின்னஞ்சிறிய கம்பியொன்றை வைத்தார்கள். வைத்தியர் நெற்றியில் கட்டிய விளக்கோடு, கையில் ஒரு வில்லையைப் பிடித்துக் குனிந்தார். ஹனா அலறினாள். பதினேழு வருடச் சேவையில் எத்தனையோ பிள்ளைகளின் அலறலுக்கு நடுவே ஊசி போட்டவள் நான். கதவோரம் போய் நின்றேன். மாமிதான் உள்ளே நின்று, பிள்ளையின் காலைப் பிடித்தபடி ஓதிக்கொண்டிருந்தார்.

வைத்தியர் நிமிர்ந்ததும், “ரெண்டு கண்ணிலயும் இருக்கு” என்றார். “இரத்தக் குழாய் ஓரம் வரைக்கும் போகாம நடுவழியில நிண்டு, தேவையில்லாத இடத்தில வளருது. விட்டா விழித்திரைய இழுத்துக் கழட்டிடும். நாளைக்கு லேசர் செய்வம்.”

“பிந்திட்டமா டொக்டர்?”

அவர் காட்டைப் புரட்டினார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். “பிந்தித்தான் வந்திருக்கீங்க. ஆனா கதவு மூடல்ல. அடுத்த கிழமை வந்திருந்தா நான் இதச் சொல்லியிருக்க மாட்டன்.”

மறுநாள் லேசர் செய்தார்கள். பிறகு வாரா வாரம், பிறகு மாதம் ஒருமுறை கொழும்பு. ஆறாம் மாதம் ஒரு காலையில், யன்னலோரம் பாயில் கிடந்தவள், கிளியொன்று தென்னையில் வந்து உட்கார்ந்ததற்குத் தலையைத் திருப்பினாள். கிளி சத்தம் போடவில்லை. நான் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, பேசாமல், சிவப்புக் கம்பளி நூலைத் தேடப் போனேன். அவசரத்தில் நான் சுற்றிய பந்து அவிழ்ந்துகொண்டே போனது. மாமிதான் சுற்றித் தந்தார். ஹனா பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பின்தொடர்ந்தாள்.

வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அந்தச் சிவப்புத் திகதியை எழுதினேன். நாற்பது நாளை எந்த வீட்டிலும் நான் எதிர்க்கவில்லை. “இது வெளியே போறது இல்ல, மருந்துக்குப் போறது. யன்னல் மூடின வேன்ல போய் நேரா வருவம், நான் கூட வாறன்” என்பேன். மறுத்தால் மாமியை அழைத்துப் போவேன். அவர் மௌத்தாகும் வரை எனக்கு அவரைவிட நல்ல உதவியாளர் இருந்ததில்லை.

ஹனா தடித்த கண்ணாடி போடுகிறாள். பள்ளிக்கூடத்தில் சோடாப் போத்தல் என்கிறார்களாம். அவளும் திருப்பி ஏதோ சொல்கிறாளாம், என்னவென்று என்னிடம் சொல்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்கக் கொழும்பு போகிறோம். ரிஸ்வானா அழைத்ததற்கு மறுநாளும் போனோம். நல்லா இருக்கிறது என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் அவள் திடீரென்று, “உம்மா, ஒண்டும் தெரியல்ல, எல்லாம் மங்கல்” என்றாள். நான் அவள் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

“மருந்துத் துளி உம்மா! ஒவ்வொரு வருசமும் சொல்றன், ஒவ்வொரு வருசமும் பயப்படுறீங்க.”

அன்றிரவு அவளே கேட்டாள், நேற்று அந்த மிஸ்ஸிடம் ஏன் அப்படிக் கத்தினீர்கள் என்று. அலுமாரியிலிருந்து காட்டை எடுத்தேன். இதுவரை அவளிடம் சொன்னதெல்லாம், நீ சின்னதாகப் பிறந்தாய், லேசர் செய்தோம் என்பது மட்டுமே. ஒரு மாதப் பக்கத்தைத் திறந்து, சிவப்புக் கோட்டைக் காட்டி, வியாழக்கிழமையைச் சொன்னேன். கிளினிக்குக்கு நான் போகாத வியாழக்கிழமையை.

அவள் கண்ணாடியைக் கழற்றி, காட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“அப்ப இந்தச் சரி பொய்யா?”

“ஓம் மகள்.”

“ஒரு பேனை தாங்க.”

எதற்கென்று தெரியாமல் கொடுத்தேன். மேசையில் குனிந்து சத்தமாக வாசித்தாள். “வெளிச்சத்தைப் பார்க்கிறதா?” தலையை உயர்த்தி மின்குமிழைப் பார்த்தாள். “பாக்குது.” சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டாள். “தாயின் முகத்தைப் பார்க்கிறதா?” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பாக்குது. தாய் அழுகுது.”

அதற்கும் ஒரு சரி போட்டு, பக்கத்தில் அன்றைய திகதியை எழுதினாள்.